அம்மா ஊரைப் பிள்ளையின் பெயரில் வைப்பது எப்படி

அப்பா பாம்பன், அம்மா இலங்கையின் மன்னார். ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் இப்படி இரண்டு கரையும் சேர்ந்த வீடுகள் உண்டு. விட்டு வந்த ஊர் பிள்ளையின் பெயரிலாவது இருக்கட்டும் என்று அம்மா நினைப்பது நியாயமான ஆசை. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

ஊர்ப்பெயரை அப்படியே வைப்பது நம்மிடம் பழைய வழக்கம். பழனி, சிதம்பரம், காசி, தனுஷ்கோடி எல்லாம் ஆண்களுக்கு வைத்த பெயர்கள்தான். யாழ்ப்பாணப் பக்கம் வல்லிபுரம் என்ற பெயரும் அப்படித்தான். ஆனால் இவை கோயிலோ தீர்த்தமோ உள்ள ஊர்கள். தீவு, பட்டினம், குளம், மடம் என்று முடிகிற ஊரை அப்படியே வைத்தால் வாயில் வராது, முதலில் வெட்டிச் சுருக்க வேண்டும். தஞ்சாவூர் தஞ்சை ஆன மாதிரி நல்லூர் நல்லை ஆகும். நல்லைநாதன் என்று வைக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து யாழினி வரும். முல்லைத்தீவுக்காரர்களுக்கு வேலையே இல்லை: தீவை எடுத்துவிட்டால் முல்லை. கேட்பவருக்குப் பூ, வீட்டுக்கு ஊர். எங்கள் கணக்கில் இதைவிட நல்ல பெண் பெயர் இந்த வகையில் இல்லை.

சுருங்காத ஊர் என்றால் அங்குள்ள சாமியின் பெயரை எடுங்கள். திருகோணமலைக்குக் கோணேஸ்வரன், மன்னார் மாதோட்டத்துக்குக் கேதீஸ்வரன், கீரிமலைக்கு நகுலேஸ்வரன். மூன்றுக்கும் ‘ஈஸ்வரி’ போட்டால் பெண் பெயர். திருக்கோணமலை அம்மனின் பெயர் மாதுமை, இதை ஏன் யாரும் அதிகம் வைப்பதில்லை என்பது எங்களுக்கு ஆச்சரியம். நயினாதீவு என்றால் நாகபூசணி. ராமநாதபுரத்துக் கரையிலும் இதே முறைதான்: உத்தரகோசமங்கைக்கு மங்களேஸ்வரி, ராமேஸ்வரத்துக்குப் பர்வதவர்த்தினி, 1693இல் கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தர் கொல்லப்பட்ட ஓரியூருக்கு அருளானந்து. முஸ்லிம் வீடுகளில் நாகூர் கனி, நாகூர் மீரான் என்று ஊரும் பெயரும் ஒட்டியே வரும்.

அப்பா ஊர், அம்மா ஊர் இரண்டுமே வேண்டுமா? சேது. ராமநாதபுரம் மன்னர்களின் பட்டம் சேதுபதி. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தங்கள் காசில் பொறித்த சொல்லும் ‘சேது’தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும்.

பெயரை முடிவு செய்யும் முன் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள், முழுப்பெயரை இல்லை, தெருவில் சுருக்கப்போகிற பெயரை. அக்கரையில் நன்றாக இருக்கும் பெயர் இக்கரையில் வேறு மாதிரி கேட்கும். நம் பக்கம் கேதம் என்றால் சாவு வீடு. கேதீஸ்வரனை ‘கேதீ’ என்று கூப்பிட்டால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். முதல் நாளிலிருந்தே ‘ஈஸ்வரா’ என்று பழக்கிவிடுங்கள். கோணேஸ் என்ற சுருக்கம் பள்ளிக்கூடத்தில் ‘கோணல்’ ஆகும். வன்னி அங்கே நிலம், இங்கே சாதிப் பெயராகக் காதில் விழும். இதற்கெல்லாம் பயந்து ஆசையை விட வேண்டாம், கூப்பிடும் பெயரை மாற்றினால் போதும்.

எந்தப் பெயரும் ஒத்துவரவில்லையா, ஊரை இனிஷியலில் வையுங்கள். உ.வே.சா.வின் ‘உ’ உத்தமதானபுரம். ஒன்று மட்டும் கவனம்: பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும், அப்போது ஊர்ப்பெயரும் பெயரின் பகுதியாகிவிடும்.

பதிவுக்கு அவசரப்பட்டுப் பெயர் கொடுக்காதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயர் இல்லாமலே பதியலாம். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒரு முறை ஏறிய பெயரை அங்கே வேறு பெயராக மாற்ற முடியாது, எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவார்கள். பிறகு பெயரை மாற்ற வேண்டும் என்றால் அரசிதழில் வெளியிடும் அலைச்சல். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

அதிகம் கெடுவது ஆங்கில எழுத்தில்தான். யாழினியின் ‘ழி’க்குத் தமிழ்நாட்டில் ‘இசட் எச்’ போடுவார்கள், இலங்கையில் பெரும்பாலும் ‘எல்’. அம்மாவின் பழக்கத்தில் ‘எல்’ போட்டால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் கம்ப்யூட்டர் ‘யாலினி’ என்று அடித்துவிடும். இரண்டில் எது என்று வீட்டிலேயே முடிவு செய்து, தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லாதீர்கள். அச்சடித்துக் கையில் தரும்போது, கவுண்டரை விட்டு நகராமல், அந்தத் தாளோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.