புதுப்பித்த பழைய ஃப்ளாட் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

சென்னையில் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், அடையாறு காந்தி நகர் மாதிரி அமைதியான தெருவில், முப்பது வருடப் பழைய கட்டடத்தில், "மூன்று பெட்ரூம், விசாலமான ஹால், முழுவதும் புதுப்பித்தது" என்று ஒரு ஃப்ளாட் விலைக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும்தான். அவற்றைப் பார்த்து விலையை ஒப்புக்கொள்வதுதான் முதல் தவறு. கிச்சன் அலமாரி பத்துப் பதினைந்து வருடத்தில் போய்விடும், மனையில் உங்களுக்கு எழுதிக்கொடுக்கும் பங்கு போகாது.

அந்தப் பங்கைத்தான் யூடிஎஸ் என்கிறோம். இரண்டு கிரவுண்டு, அதாவது 4800 சதுர அடி மனையில் ஒரே அளவில் எட்டு வீடு என்றால் ஒருவருக்கு 600 சதுர அடி வரவேண்டும். பத்திரத்தில் 400 என்று இருந்தால் மீதி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த எண்தான் முடிவு செய்யும். புரோக்கர் சொல்லும் "1500 சதுர அடி"யில் படிக்கட்டும் நடைபாதையும் சேர்ந்திருக்கும், டேப் வைத்து உள்ளளவை நீங்களே அளந்து பாருங்கள்.

அடுத்தது, புது வேலை எதை மறைத்திருக்கிறது என்று பார்க்காமல் விடுவது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்து நிற்கலாம், பெசன்ட் நகர் மாதிரி கடலோரப் பகுதியில் உப்புக் காற்றால் இது இன்னும் அதிகம். லைட்டைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் யோசிக்க வேண்டியதுதான். பாத்ரூமில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் கசிவு அப்படியே இருக்கும், அதைக் கீழ்வீட்டுக்காரரின் சீலிங் காட்டிக்கொடுத்துவிடும். அவரிடம் போய்ப் பேசாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள், சுவரில் ஓதம் தெரியும், தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்பதும் தெரியும்.

ஹால் பெரிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் எந்தச் சுவரை எடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் சில செங்கல் சுவர்கள்தான் மேல்தளத்தையே தாங்கும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துப்போகும் செலவு, வீட்டு விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு ஃப்ளாட்டைச் சேர்த்து ஒன்றாக்கியிருந்தால் பத்திரம், சொத்து வரி, ஈபி இணைப்பு எல்லாம் இரண்டிரண்டாக இருக்கலாம், இரண்டையும் சரிபாருங்கள். பால்கனியை அடைத்து அறையாக்கியது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் இருக்காது, வங்கி மதிப்பீட்டாளர் அதைக் கணக்கில் எடுக்காமல் போனால் கடன் தொகை குறையும்.

வில்லங்கச் சான்றிதழ், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியல், சுத்தமாக இருக்கிறது, அது போதும் என்று நிற்பதும் தவறு. முப்பது வருடத்துக்கு எடுங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் பதிவாகாத ஒப்பந்தமும், அப்பா இறந்தபின் விடுபட்ட வாரிசும் அதில் வராது. அசல் பத்திரம், தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்), வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு வக்கீல் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

அப்புறம் கைச்செலவு. தமிழ்நாட்டில் பழைய ஃப்ளாட் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். ஒன்றரைக் கோடி வீட்டுக்கு 13.5 லட்சம் ரூபாய், இதைத் தனியாக எடுத்துவைக்காமல் பேரம் முடித்துவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்ற வருமான வரியாகப் பிடித்துக் கட்டவேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ குடியிருந்தால் இந்தக் கணக்கே வேறு, பிடிக்க வேண்டிய வரி மிக அதிகம். பணம் கைமாறுவதற்கு முன்பே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஃப்ளாட் உரிமையாளர்களின் அசோசியேஷன். மெட்ரோ வாட்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, போர் தண்ணீர் உப்பா, கார் நிறுத்த உங்களுக்கென்று இடம் பத்திரத்தில் இருக்கிறதா இல்லை வாய்ப்பேச்சா என்று செயலாளரிடம் கேளுங்கள். கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு ஓடுகிறதா என்பதையும் கேளுங்கள், ஓடினால் உள்வேலைப்பாட்டுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமே இல்லை. பராமரிப்புத் தொகையில் பாக்கி இல்லை என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டுத்தான் பதிவுக்குத் தேதி குறிக்க வேண்டும்.