விறகு எஞ்சினுக்கு நீராவி ஏற்றி ஓட்டுவது எப்படி: 1860களின் அமெரிக்க 4-4-0

1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமண்டரி சம்மிட்டில் இரண்டு எஞ்சின்கள் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல் நின்றன. கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் 119 கரி எரித்தது. மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக்கின் ஜூபிடர் விறகு எரித்தது. இரண்டுமே 4-4-0 வகை: முன்னால் நான்கு சின்னச் சக்கரங்கள், அடுத்து நான்கு பெரிய இயக்குசக்கரங்கள், அவற்றுக்குப் பின்னால் எதுவும் இல்லை. 1836ல் பிலடெல்ஃபியாவின் ஹென்றி கேம்பெல் காப்புரிமை வாங்கிய இந்த அமைப்புதான் பிறகு அரை நூற்றாண்டுக்கு அமெரிக்கத் தண்டவாளங்களை ஆண்டது. அந்த இரண்டு எஞ்சின்களின் அச்சு அசலான மறுவடிவங்கள் 1979ல் கட்டப்பட்டன. கோடையில் அதே இடத்தில் அவை நீராவியோடு ஓடுவதைப் பார்க்கலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு விறகு எஞ்சின். சிலிண்டர் விட்டம் 16 அங்குலம், பிஸ்டன் வீச்சு 24 அங்குலம், இயக்குசக்கரம் 60 அங்குலம், வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு. பாய்லருக்குத் தண்ணீர் ஊட்ட, பிஸ்டன் தண்டின் முனையில் அதோடு முன்னும் பின்னும் போய்வரும் கிராஸ்ஹெட்டில் பூட்டிய பம்பு மட்டுமே உண்டு. நீராவியைக் கொண்டே தண்ணீரை உள்ளே தள்ளும் இன்ஜெக்டரை ஹென்றி ஜிஃபார் 1858ல் உருவாக்கினார். 1860ல் பிலடெல்ஃபியாவின் வில்லியம் செல்லர்ஸ் அதை அமெரிக்காவில் செய்யத் தொடங்கினார். அது பரவும் வரை எல்லோரும் பம்பை நம்பித்தான் ஓட்டினார்கள். பம்பு வேலை செய்ய வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

தீப்பெட்டியைத் தொடும் முன்

நெருப்புப்பெட்டியின் கதவைத் திறந்து, விளக்கோடு தலையை உள்ளே நீட்டிப் பாருங்கள். மேலே தெரிவது கூரைத் தகடு. அதன் மறுபக்கத்தில் தண்ணீர் நிற்கும். எதிரே தேன்கூடுபோலத் தெரிபவை புகைக்குழாய்களின் வாய்கள். அவற்றைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்தக் குழாய் கசிகிறது. ஒன்றிரண்டு லேசாகக் கசிந்தால், சூடேறியதும் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் அன்றைக்கு நெருப்பு மூட்டக் கூடாது. நெருப்புப்பெட்டித் தகடுகளை வெளிச்சுவரோடு பிணைக்கும் தாங்கு கம்பிகளின் தலைகளைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல கம்பி கணீரென்று ஒலிக்கும். முறிந்தது மொத்தென்று கேட்கும்.

விறகு எரியும் இரும்புக் கிராதியில் பழைய சாம்பல் இருக்கக் கூடாது. சாம்பல் தட்டும் காலியாக இருக்க வேண்டும். நிறைந்த தட்டு காற்றை மறிக்கும், கிராதிக் கம்பிகளும் சூட்டில் வளைந்துவிடும். முன்பக்கம் போய்ப் புகைப்பெட்டியின் கதவு இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அங்கே விரலளவு இடுக்கு இருந்தாலும் காற்று அந்த வழியாக நுழைந்து, நெருப்பின் ஊடே காற்றை இழுக்கும் இழுவையைக் கெடுத்துவிடும். பிறகு நாள் முழுக்க விறகு போட்டாலும் அழுத்தம் ஏறாது.

அடுத்து கேபினுக்குள்: சிலிண்டருக்கு நீராவி விடும் த்ராட்டில் மூடியிருக்க வேண்டும், ஓடும் திசையை மாற்றும் ரிவர்ஸ் லீவர் நடுவில் நிற்க வேண்டும், சிலிண்டர் வடிகுழாய்கள் திறந்திருக்க வேண்டும், விறகும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியான டெண்டரின் கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். த்ராட்டில் வால்வு கொஞ்சம் கசிந்தாலும், அழுத்தம் ஏற ஏற நீராவி சிலிண்டரில் சேர்ந்து, ஆளில்லாத எஞ்சின் தானாக நகரத் தொடங்கும். கட்டைக்கும் திறந்த வடிகுழாய்க்கும் இதுதான் காரணம்.

இன்று அமெரிக்காவில் இப்படி ஒரு எஞ்சினை ஓட்ட, வேலை அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஆண்டுதோறும் தண்ணீர்ச் சோதனை நடத்த வேண்டும். 1,472 வேலை நாட்களோ 15 ஆண்டுகளோ, எது முதலில் வருகிறதோ அப்போது பாய்லரை முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் சலுகை கிடையாது, இருக்கவும் கூடாது.

தண்ணீர் மட்டம்

பாய்லரின் பின்முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மட்டக் குழாய்கள் இருக்கும். கண்ணாடிக் குழாய் பரவலாவதற்கு முன் மட்டத்தைக் காட்டியவை இவைதான். திறந்தால் தண்ணீர் வருகிறதா நீராவி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கீழ்க்குழாய், கூரைத் தகட்டுக்குக் குறைந்தது 3 அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்பது பின்னாளில் வந்த அமெரிக்க விதி.

குளிர்ந்த பாய்லரை நடுக்குழாய் மட்டத்துக்குச் சற்று மேல்வரை நிரப்புங்கள், போதும். 120 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 177 டிகிரி செல்சியஸில் இருக்கும். அந்தச் சூட்டில் அதன் பருமன் 11, 12 சதவீதம் கூடிவிடும். காலையிலேயே மேல்குழாய் வரை நிரப்பியவர், புறப்படும்போது தண்ணீரைச் சிலிண்டருக்குள் இழுத்துக்கொள்வார். பாய்லரின் உச்சியில் உள்ள ஒரு குழாயைத் திறந்து வையுங்கள். உள்ளே அடைந்த காற்று அதன் வழியே போகும். அதிலிருந்து நீராவி சீராகச் சீறத் தொடங்கியதும் மூடுங்கள்.

நெருப்பு

கிராதி முழுக்க மெல்லிய காய்ந்த சுள்ளிகளைப் பரப்பி, மேலே கைமொத்த விறகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கதவருகே எண்ணெய்த் துணியை வைத்துப் பற்றவையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகைபோக்கியில் இழுவை அநேகமாக இருக்காது. முதல் அரைமணி நேரம் புகை கேபினுக்குள்ளேயே திரும்பும். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். விறகைக் கொட்டி அவசரப்படுத்தினால் புகைதான் கூடும்.

முதல் இரண்டு மணி நேரம் நெருப்பு சின்னதாகவே எரியட்டும். நெருப்புப்பெட்டித் தகடு சட்டென்று சூடாகி விரியும்போது, பாய்லரின் அடிவயிறு இன்னும் பச்சைத் தண்ணீரோடு சில்லென்று இருக்கும். இந்த வேறுபாடுதான் ரிவெட் தைத்த தையல்களைக் கசியவைக்கிறது, குழாய் வாய்களைத் தளர்த்துகிறது. குளிர்ந்த நிலையிலிருந்து நான்கைந்து மணி நேரமாவது கொடுங்கள். 20 பவுண்டு வந்ததும், புகைபோக்கிக்குள் நீராவியைப் பீய்ச்சும் ப்ளோயர் இருந்தால் லேசாகத் திறக்கலாம். இழுவை உடனே பிடித்துக்கொள்ளும்.

விறகு பிளந்ததாகவும் நன்றாகக் காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். ஓக், ஹிக்கரி போன்ற கடினமரம் நின்று எரியும். பைன் சட்டென்று பிடிக்கும், ஆனால் அதன் பிசின் குழாய்களில் கரியாக ஒட்டும். ஒரு கிலோ காய்ந்த விறகு தரும் வெப்பம், நல்ல நிலக்கரி தருவதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் விறகு நெருப்பைக் கதவின் அடிவிளிம்பு வரை கனமாக வைத்திருக்க வேண்டும். படுகையில் எங்காவது ஓட்டை விழுந்தால், அந்த வழியே குளிர்காற்று நேராகப் புகைக்குழாய்களில் போய் அடிக்கும். ஒரே தடவையில் பத்துக் கட்டைகளைத் திணிக்காமல், இரண்டு மூன்றாக அடிக்கடி போடுங்கள். போட்டதும் கதவைச் சாத்துங்கள்.

சூடேறும் நேரத்தில் எண்ணெய்

இந்த நான்கு மணி நேரத்தில் எண்ணெய்க் கேனோடு எஞ்சினை ஒரு சுற்று சுற்றி வரவேண்டும். சக்கர அச்சுகளின் தாங்கிப் பெட்டிகள், இணைப்புத் தண்டுகளின் கிண்ணங்கள், கிராஸ்ஹெட் ஓடும் வழிகாட்டிச் சட்டங்கள், உள்ளே அச்சில் மாட்டியிருந்து வால்வுகளை இயக்கும் எக்சென்ட்ரிக்குகள். எக்சென்ட்ரிக்கைத்தான் பலரும் மறப்பார்கள். குனிந்து சட்டத்துக்குள் கையை விட்டால்தான் அது எட்டும். வால்வுகளுக்கு அந்தக் காலத்தில் உருக்கிய மாட்டுக்கொழுப்பு. ஓடும்போது த்ராட்டிலை மூடியதும் சிலிண்டர்கள் உள்ளிழுக்கும். அந்த நேரம் பார்த்து, நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேன் பக்கப்பலகையில் நடந்து முன்னால் போய்க் கிண்ணத்தில் கொழுப்பை ஊற்றுவார்.

ஓட்டத்தின் நடுவே நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, தாங்கிகளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் தாங்கியின் உட்பூச்சான பாபிட் உலோகம் உருகத் தயாராகிறது. எண்ணெய் ஊற்றி, வேகம் குறைத்துப் போக வேண்டும்.

சேஃப்டி வால்வைக் கட்டாயம் சோதியுங்கள். குறித்த அழுத்தத்தில் அது தானாகத் தூக்கிக்கொள்ள வேண்டும். தென் கரோலினாவில் ஓடிய பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன் எஞ்சினில், நீராவி சீறும் சத்தம் தாங்காமல் ஃபயர்மேன் அந்த வால்வை அழுத்தி மூடினார். 1831 ஜூன் 17 அன்று பாய்லர் வெடித்து அவர் உயிரே போனது.

நகர்த்துதல்

கட்டையை எடுங்கள், பிரேக்கைத் தளர்த்துங்கள், ரிவர்ஸ் லீவரை முன்கோடிக்குத் தள்ளுங்கள், மணி அடியுங்கள். வடிகுழாய்கள் திறந்தே இருக்கட்டும். த்ராட்டிலை ஒரு மயிரிழை திறங்கள். குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் நீராவி முதலில் தண்ணீராகிவிடும். தண்ணீர் அமுங்காது. அதை வெளியேற்றாமல் பிஸ்டனை ஓடவிட்டால், சிலிண்டர் மூடி உடைந்து பறக்கும். வடிகுழாயிலிருந்து வரும் சாம்பல் நிறத் தூறல் நின்று, காய்ந்த வெள்ளை நீராவி சீறிய பிறகே மூடுங்கள்.

அக்காலப் பெட்டிகள் இரும்பு வளையமும் ஊசியும் கொண்டு பூட்டப்பட்டவை. இடையில் தளர்ச்சி நிறைய இருக்கும். முதலில் கொஞ்சம் பின்னால் தள்ளி எல்லாப் பெட்டிகளையும் நெருக்கிவிட்டு முன்னால் இழுத்தால், ஒவ்வொரு பெட்டியாக நகரும், மொத்தச் சுமையும் ஒரே நொடியில் எஞ்சின்மேல் விழாது. சக்கரம் வழுக்கினால் முதலில் த்ராட்டிலை மூடுங்கள், அடுத்துதான் மணல். சுழலும் சக்கரத்துக்கடியில் மணல் விழுந்தால், அது சடாரென்று பிடித்து இணைப்புத் தண்டை வளைத்துவிடும்.

வேகம் எடுத்ததும் லீவரைப் படிப்படியாக நடுவை நோக்கி இழுங்கள். சிலிண்டருக்குள் போகும் நீராவி சீக்கிரம் துண்டிக்கப்பட்டு, மீதித் தூரத்தை விரிவடைந்தே தள்ளும். தண்ணீரும் விறகும் மிச்சமாகும். வேகமானி கிடையாது. 60 அங்குலச் சக்கரம் ஒரு மைலுக்கு 336 முறை சுற்றும். ஆகவே, இணைப்புத் தண்டு 10.7 விநாடியில் எத்தனை சுற்று போகிறதோ, மணிக்கு அத்தனை மைல் வேகம்.

ஓட்டத்தில் தண்ணீர்: மேட்டைத் தாண்டும் இடம்

பம்பின் உந்துதண்டு கிராஸ்ஹெட்டோடு சேர்ந்து போய்வரும். 2 அங்குல விட்டமுள்ள தண்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.2 லிட்டர் தள்ளும். ஒரு மைலுக்கு 400 லிட்டருக்கு மேல். அவ்வளவும் தேவைப்படாது. குழாயைப் பாதி திறந்து, சீராக ஊட்டுவதே நல்லது. பம்பின் சோதனைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். வெறும் நீராவி வந்தால் ஒருவழி வால்வில் குப்பை மாட்டியிருக்கிறது. குளிர்காலத்தில் குழாய் உறைந்திருக்கவும் கூடும். ஸ்டேஷனில் நெடுநேரம் நின்று மட்டம் இறங்கினால், பெட்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டித்தான் நிரப்ப வேண்டும்.

ஏற்றத்தில் தண்ணீர் பின்பக்கம் சாயும். மட்டக் குழாய் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இறக்கத்தில் முன்பக்கம் ஓடிவிடும். கூரைத் தகடு பின்னால் இருப்பதால் அங்கேதான் தண்ணீர் குறையும். 100க்கு 2 ஏற்றத்திலிருந்து அதே அளவு இறக்கத்துக்குத் திரும்பும்போது, 16 அடி நீளத் தண்ணீர்ப் பரப்பின் பின்முனை கிட்டத்தட்ட 4 அங்குலம் இறங்கும். உச்சியில் த்ராட்டிலையும் மூடுவீர்கள். கொதிக்கும் குமிழிகள் அடங்கி மட்டம் இன்னும் விழும். ஏற்றத்தில் நடுக்குழாயில் தண்ணீர் வருகிறதே என்று நம்பி வந்தவருக்கு, மறுபக்கம் இறங்கும்போது கீழ்க்குழாயில் நீராவிதான் வரும். ஏற்றம் தொடங்கும் முன்னே நிரப்பிக்கொள்ளுங்கள். உச்சியை மேல்குழாயில் தண்ணீரோடு தாண்டுங்கள்.

கீழ்க்குழாயில் தண்ணீர் இல்லையென்றால் பம்பைத் திறக்காதீர்கள். வெறுமையாகிப் பழுக்கச் சிவந்த தகட்டில் தண்ணீர் பட்டால், ஒரே வீச்சில் எழும் நீராவி அதைக் கிழித்துவிடும். எஞ்சினை நிறுத்தி, ஈர மண்ணாலோ சாம்பலாலோ நெருப்பை மூடி அணையுங்கள்.

மட்டம் அதிகமானாலும் தொல்லைதான். புகைபோக்கியின் கூர்மையான சத்தம் மந்தமாகி, எண்ணெய்யும் தண்ணீரும் தெறித்தால் பாய்லர் தண்ணீரைக் கக்குகிறது. த்ராட்டிலைக் குறைத்து வடிகுழாய்களைத் திறங்கள். நெவாடா, யூட்டா பாலைப்பகுதியின் உவர்நீர் பாய்லரில் நுரைத்து இதையே செய்யும். அங்கே மட்டத்தைத் தாழ்த்தி ஓட்ட வேண்டும்; அடிக்கசடை அடிக்கடி வெளியேற்றவும் வேண்டும்.

அழுத்தம் காரணமில்லாமல் குறைந்தால் புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள். விறகு எஞ்சினின் பலூன்போன்ற புகைபோக்கி தீப்பொறிகளைப் பிடிப்பதற்காக வைத்தது. உள்ளிருக்கும் கம்பிவலை அடைத்தால் இழுவை போய்விடும். வலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால், வழிநெடுக வயலும் வேலியும் பற்றும்.

பிரேக் டெண்டரிலும் பெட்டிகளிலும் கையால் போடுவதுதான். வெஸ்டிங்ஹவுஸின் காற்றுப் பிரேக் 1869ல்தான் வந்தது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே ஒரு குறுவிசில் கொடுங்கள், பிரேக்காரர்கள் ஒவ்வொரு பெட்டியாகப் போடுவார்கள். ரிவர்ஸ் லீவரைப் பின்னால் தள்ளி நிறுத்துவது ஆபத்து நேரத்துக்கு மட்டும். த்ராட்டில் மூடிய நிலையில் அப்படிச் செய்தால், சிலிண்டர்கள் புகைப்பெட்டியின் கரித்தூளை உறிஞ்சி வால்வுகளைத் தேய்த்துவிடும்.

நிறுத்திய பின்

ஷெட்டுக்குள் நுழையும் முன்பே, ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல்குழாய் வரை நிரப்பிவிடுங்கள். நின்ற பின் பம்பு உதவாது. ஆறும் தண்ணீர் சுருங்கி மட்டம் தாழும். நெருப்பைத் தானாக அடங்கவிட்டு, சாம்பல் தட்டைக் காலிசெய்து, காற்று வழிகளைச் சாத்திப் புகைபோக்கியின் வாயை மூடுங்கள். பாய்லரைக் கழுவ வேண்டுமென்றால் அது முழுக்க ஆறும்வரை காத்திருங்கள். பிறகு நெருப்புப்பெட்டியைச் சுற்றிய அடிமூலைகளின் கைத்துளை மூடிகளைத் திறந்து, சேறு கலங்கலாக வருவது நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை பீய்ச்சுங்கள்.