தக்காளித் தோல் வழுக்கினால் கத்தியைத் தீட்டுங்கள்

ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு டப்பாக்களுக்கான காய்களை மூன்று நாளைக்குச் சேர்த்து நறுக்கிவிடுவேன். அதற்கு முன் ஒரு தக்காளிமேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பார்ப்பேன். தோல் வழுக்கினால் சாணைக்கல்லை எடுக்க வேண்டியதுதான்.

1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பு அளவு) தண்ணீர்க்கல் போதும். குமிழி அடங்கும்வரை ஊறவிட்டு, அடியில் ஈரத்துணி போடுங்கள். கத்தி சாய்வு 15 டிகிரி. கணக்கெல்லாம் வேண்டாம், 45 மி.மீ. அகலக் கத்தி என்றால் அதன் முதுகு கல்லிலிருந்து சுமார் 12 மி.மீ. உயர்ந்திருக்கும், என் சுண்டுவிரல் தடிமன். ஒரு பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருங்கள். மறுபக்கம் கட்டைவிரலை முதுகிலிருந்து கூர் விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமாக மெல்ல நகர்த்தினால் மெல்லிய உலோகப் பிசிறு தட்டும். அடியிலிருந்து நுனிவரை அது தட்டிய பிறகே திருப்பவேண்டும். நான் வருஷக்கணக்கில் பாதியிலேயே திருப்பிவிட்டு, கல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் இரு பக்கமும் மாறி மாறி லேசாக இழுத்தால் பிசிறு போய்விடும்.

கழுவியதும் துடைத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீருக்குள் கத்தியைப் போட்டு மறந்த நாளின் தழும்பு இன்னும் விரலில் இருக்கிறது.

கூர்க்கத்தியில் நறுக்கிய வெள்ளரி அதிகம் நசுங்காது, நீரும் குறைவாகவே விடும். அதைத் துணியில் ஒற்றித் தனி டப்பாவில் வையுங்கள். உப்பைச் சாப்பிடும்போது போட்டால் போதும்.