நானோவிஎன்ஏ வைத்து முதல் டைபோலைச் சரிக்கட்டுவது எப்படி?

கையடக்க வானொலி செட்டோடு வரும் ரப்பர் ஆன்டெனாவை நம்பினால், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனை மரங்களைத் தாண்டிக் குரல் போவது சிரமம். அதனால் அமெச்சூர் வானொலிக்கான 9டபிள்யூ2 அழைப்புக்குறி கிடைத்ததும் 144–148 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் கட்டிவிடுங்கள். நடுவில் கேபிள் இணைய, இரு பக்கமும் சம நீளக் கம்பிக் கைகள் நீளும் ஆன்டெனாதான் டைபோல். அதன் நீளத்தைச் சரிபார்க்க, ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவியான நானோவிஎன்ஏ ஒன்று போதும்.

கம்பியை வெட்டுதல்

300-ஐ 145-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.07 மீட்டர், அதில் கால் பங்கு சுமார் 52 செ.மீ. கம்பியில் இது ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும், ஆக ஒரு கைக்கு 49 செ.மீ. வரும். ஆனாலும் 53 செ.மீ. வெட்டுங்கள். குறைப்பது சுலபம், ஒட்டுவது தலைவலி. வயரிங் கடையில் கிடைக்கும் செம்புக் கம்பியே போதும், மேலுறையை உரித்துவிடுங்கள்.

அலைவரிசை எல்லை

மெனுவில் ஸ்டிமுலஸ் போய் ஸ்டார்ட் 130, ஸ்டாப் 160 மெகாஹெர்ட்ஸ் கொடுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பல நானோவிஎன்ஏக்கள் அந்த எல்லைக்குள் 101 புள்ளிகளில்தான் அளக்கின்றன. 900 மெகாஹெர்ட்ஸ் வரை விரித்து வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி, நமக்கு வேண்டிய பகுதி முழுவதும் நடுவில் காணாமல் போய்விடும்.

கேலிபிரேஷன்

எந்த இடத்தில் கேலிபிரேட் செய்கிறீர்களோ, அந்த இடத்திலிருந்துதான் கருவி அளக்கும். ஆகவே கேபிளை முதல் போர்ட்டில் மாட்டி, ஆன்டெனா இணையப்போகும் மறுமுனையில் பெட்டியோடு வந்த மூன்று சின்ன மூடிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். முதலில் கேல், ரீசெட். பிறகு கேலிபிரேட் உள்ளே போய், ஓப்பன் மூடியை மாட்டி ஓப்பனை அழுத்துங்கள். ஷார்ட், லோட் இரண்டும் அதே மாதிரிதான். ஐசோலேஷன், த்ரூ இரண்டையும் விட்டுவிடலாம், ஆன்டெனாவுக்கு அவை தேவையில்லை. டன் அழுத்தி 0-வில் சேமியுங்கள். லோட் மூடியை மறுபடி மாட்டிப் பார்த்தால் எஸ்டபிள்யூஆர் (பொருத்தம் எப்படி என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1-ஐ ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். எல்லையை மாற்றினால் இதையெல்லாம் திரும்பச் செய்யுங்கள்.

அளந்து குறைத்தல்

டைபோலைத் தகரக் கூரையிலிருந்து தள்ளி, பிவிசி குழாயில் கட்டித் தூக்குங்கள். குலை வெட்டும் அலுமினியக் கழி கைக்கு அருகில் கிடக்கிறதே என்று அதில் கட்டிவிடாதீர்கள், அளவு கெட்டுப்போகும். மாட்டுவதற்கு முன் கேபிளின் நடுக்கம்பியை வெளிவலையோடு ஒரு தரம் தொடவிட்டு, தேங்கிய மின்னேற்றத்தை இறக்கிவிடுங்கள். இடி உறுமும் மாலையில் இந்த வேலையே வேண்டாம். பக்கத்தில் நின்று யாரும் செட்டின் பேசும் பட்டனை அழுத்தவும் கூடாது, கருவியின் உள்ளீடு அதைத் தாங்காது.

திரையில் எஸ்டபிள்யூஆர் கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கும். 134-ல் இறங்கினால் 53 × 134 ÷ 145, அதாவது 49 செ.மீ. வேண்டும். ஒரேயடியாக நறுக்காமல் இரண்டு கையிலும் சம அளவாக 1 செ.மீ. குறையுங்கள். பள்ளம் வலப்பக்கம் நகர்வது கண்ணுக்கே தெரியும். 143-ஐத் தொட்ட பிறகு ஒரு தடவைக்கு அரை செ.மீ. குறைத்தாலே தாராளம்.

கேபிளைக் கையால் பிடித்ததும் பள்ளம் ஆடுகிறதா? கேபிளின் வெளிப்பக்கமும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். இணைப்பருகே ஃபெரைட் கிளிப் இரண்டு மூன்று மாட்டிப் பாருங்கள்.

அப்புறம், எஸ்டபிள்யூஆர் 1.0 வரவில்லையே என்று வெட்டிக்கொண்டே போகாதீர்கள். நேரான டைபோலின் மின்தடை சுமார் 73 ஓம், நம் கேபிள் 50 ஓம். 1.4, 1.5 வந்தால் அது நல்ல டைபோல்தான், திரும்பி வருவது 4 விழுக்காடு சக்திதான்.

கேபிளையும் ஒரு பார்வை

கேபிள் மோசமாக இருந்தால், வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும் எஸ்டபிள்யூஆர் உண்மையைவிட நல்ல எண்ணாகவே தெரியும். போகும்போதும் வரும்போதும் சக்தி வழியிலேயே கரைவதுதான் காரணம். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் 10 மீட்டர் இருந்தால் இந்த அலைவரிசையில் சுமார் 2 டெசிபல் தின்னும். அப்போது ஆன்டெனாவில் 3 இருந்தாலும் கீழே 1.9 என்று காட்டும்.

சோதிக்க, கருவியின் போர்ட்டிலேயே புதிதாக கேலிபிரேட் செய்து, கேபிளை மாட்டி, மறுமுனையைத் திறந்தே விடுங்கள். லாக்மேக் (திரும்பி வரும் சக்தியை டெசிபலில் காட்டும் கோடு) காட்டும் எண்ணில் பாதிதான் இழப்பு. ஆர்ஜி-58-இல் 10 மீட்டருக்கு −4 வந்தால் சரி. −8 என்றால் கனெக்டர் வழியாக மழைத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். வெளிவலை கறுத்திருந்தால் காயவைத்துப் புண்ணியமில்லை, கேபிளை மாற்றிவிடுங்கள்.