கோடியக்கரைக் காட்டில் டப்பா இல்லாத புதையல் வேட்டை

டொராண்டோவிலும் லண்டனிலும் பிள்ளைகளோடு ஜியோகேச்சிங் (யாரோ ஒளித்து வைத்த டப்பாவைக் கைப்பேசி ஆப்பில் வரும் ஜி.பி.எஸ். புள்ளியை வைத்துத் தேடும் விளையாட்டு) போய்ப் பழகியவர்களுக்கு, ஊருக்கு வந்தாலும் கை அந்த ஆப்பைத்தான் தேடும். வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரைக்குப் போகிறீர்களா? அப்படியானால் காட்டுக்குள் டப்பா எதையும் ஒளித்து வைக்காதீர்கள். 1967 முதல் அது வனவிலங்கு சரணாலயம். கடலோரம் வேறு. புதருக்குள் யாரோ எதையோ செருகுகிறார்கள் என்றால் வனக்காவலர் வருமுன் ஊர்க்காரர்களே விசாரித்துவிடுவார்கள். பராமரிக்க ஆள் இல்லாமல் விடுமுறையில் வைத்துவிட்டுப் போகும் டப்பாவை விளையாட்டின் விதியும் ஏற்பதில்லை.

பெட்டி கட்டும்போதே கார்மின் இன்ரீச் போன்ற, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை எடுத்து வெளியே வையுங்கள். அனுமதியில்லாமல் அவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் மாட்டியிருக்கிறார்கள். கைப்பேசி போதும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

டப்பா இல்லாமல் என்ன வேட்டை என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்குவார்கள். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே எந்தப் பாதையில் போகலாம் என்று கேட்டுக்கொண்டு, அந்தப் பாதையோரமாக நீங்களே நாலைந்து புள்ளிகளைக் குறித்துக் கொடுங்கள். கண்டுபிடித்ததற்குச் சாட்சி ஒரு படம். புள்ளி குறிக்கும்போது ஒரு கவனம்: அட்சரேகை 10.30 பாகை என்றால் 10 பாகை 18 நிமிடம். அதை 10 பாகை 30 நிமிடம் என்று போட்டால் 22 கி.மீ. வடக்கே போய் நிற்பீர்கள்.

முதல் புள்ளி பாலை மரமாக இருக்கட்டும். வறண்ட நிலத்திலும் இலை உதிர்க்காத காடு இது. அதன் முக்கிய மரங்களில் ஒன்று பாலை. இலங்கையின் வன்னிப் பகுதியிலிருந்து போனவர்கள் வீட்டில் பாலைப்பழக் கதை இல்லாமல் இருக்காது. அதே மரம்தான் பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் நிற்கிறது. பழம் கோடையில். காட்டில் பறிக்காதீர்கள், வெளியே விற்பவர் கண்ணில் பட்டால் வாங்கித் தின்னுங்கள். பால் உதட்டில் பசைபோல ஒட்டும், அதுவும் ஒரு சுகம்.

அடுத்தது புல்வெளி. முறுக்குக் கொம்புள்ள வெளிமான் ஆண், கொம்பில்லாதது பெண். கூடவே மேயும் மட்டக்குதிரைகளைப் பார்த்துப் பிள்ளைகள் சொக்கிப்போவார்கள். ஆனால் அவை சீமைக்கருவேலங்காயைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பி, மான் மேயும் புல்வெளியைச் சுருக்குகின்றன. இந்தச் சிக்கலைப் புள்ளியில் நிற்க வைத்தே சொல்லுங்கள், வீட்டில் சொன்னால் ஏறாது.

மேட்டில் இருக்கும் ராமர் பாதத்தைக் கடைசிப் புள்ளியாக வையுங்கள். சுற்றிலும் பச்சை தெரியும்.

பூநாரை பார்க்க வேண்டுமானால் மழைக்காலத்தை ஒட்டி வாருங்கள். குடை, தண்ணீர் கட்டாயம். பிஸ்கட்டைப் பைக்குள்ளேயே வையுங்கள், குரங்குகள் கையிலிருந்தே பிடுங்கும்.