புரொஜெக்டருக்கு ஃபைபர் வழியே கட்டளை அனுப்புவது: ஆர்எஸ்-232 செய்முறை

கட்டுப்பாட்டு அறையில் மேட்ரிக்ஸ் ஸ்விட்சர் (எந்தப் படம் எந்தத் திரைக்கு என்று மாற்றிவிடும் கருவி), அரங்கின் மறுகோடியில் உயரத்தில் தொங்கும் புரொஜெக்டர், இடையே 200 மீட்டர். படம் ஃபைபரில், அதாவது ஒளி இழையில், போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் புரொஜெக்டரை அணைக்க ஒருவர் ரிமோட்டோடு ஓட வேண்டியிருந்தால் அது பாதி வேலைதான். கருவிகள் கட்டளை பரிமாறிக்கொள்ளும் தொடர் இணைப்பு முறைதான் ஆர்எஸ்-232. செம்புக் கம்பியில் அந்தக் கட்டளையைச் சுமார் 15 மீட்டர் வரைதான் நம்பி அனுப்பலாம். எனவே கட்டளையும் ஃபைபரிலேயே போகட்டும்.

முதலில், ஃபைபரின் இரு முனையிலும் வைக்கும் கருவிகளை வாங்கும்போதே கவனியுங்கள். ஓர் இழையின் ஒரு முனையில் லேசர், மறுமுனையில் ஒளி உணரி என்பதுதான் எளிய அமைப்பு. அதில் ஒளி ஒரே திசையில்தான் போகும். படத்துக்கு அது போதும். புரொஜெக்டரின் பதில் திரும்பி வர வேண்டுமென்றால் இரண்டு இழைகள் வேண்டும், அல்லது இரு திசைக்கும் வெவ்வேறு அலைநீளம் பயன்படுத்தும் ஒற்றை இழைக் கருவி வேண்டும். விலையைப் பார்த்து ஒருவழிக் கருவியை வாங்குவது என் கணக்கில் வீண் சிக்கனம்.

இரண்டாவது, ஃபைபரைத் தொடுவதற்கு முன் மடிக்கணினியைக் குட்டைக் கேபிளால் புரொஜெக்டரோடு நேரடியாக இணையுங்கள். பலர் தாண்டிச் செல்லும் படி இது. புட்டி போன்ற டெர்மினல் மென்பொருளில் கையேடு சொல்லும் வேகத்தை வையுங்கள்: பெரும்பாலும் 9600, 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். பல கருவிகள் கட்டளையின் முடிவில் ஆஸ்கி 13, அதாவது கேரேஜ் ரிட்டர்ன், வரும்வரை அசையாது. இங்கே வேலை செய்யாத கட்டளை ஃபைபரிலும் வேலை செய்யாது.

மூன்றாவது, இழைகளை இணைப்பது. ஃபைபரில் இரு வகை: உட்கரு தடித்த மல்டிமோட், மெல்லிய சிங்கிள் மோட். மல்டிமோட் கருவிக்கு மல்டிமோட் கேபிள், சிங்கிள் மோட் கருவிக்கு சிங்கிள் மோட். சிங்கிள் மோடின் உட்கரு சுமார் 9 மைக்ரான்தான். ஒரு தூசி போதும், ஒளியை மறைத்துவிடும். செருகும் முன் ஒவ்வொரு முனையையும் அதற்குரிய துடைப்பானால் துடையுங்கள். முனைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம். இந்தப் பக்கத்து டிஎக்ஸ் (அனுப்பும் முனை) அந்தப் பக்கத்து ஆர்எக்ஸுக்கு (பெறும் முனை) போக வேண்டும். லிங்க் விளக்கு எரியவில்லையென்றால் இரண்டு இழைகளையும் ஒரு முனையில் மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள்.

நான்காவது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. புரொஜெக்டர் பக்கத்துக் கருவியின் ஆர்எஸ்-232 போர்ட்டில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டையும் சிறு கம்பியால் இணைத்துவிடுங்கள். கட்டுப்பாட்டு அறைக் கருவியில் மடிக்கணினியை இணைத்து, டெர்மினலின் லோக்கல் எக்கோவை (தட்டியதைத் தானே திரையில் காட்டும் வசதி) அணைத்துவிட்டு ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் தோன்றினால் போகும் வழி, வரும் வழி இரண்டும் சரி. தோன்றாவிட்டால் புரொஜெக்டரைக் குறை சொல்லாதீர்கள்.

பிறகு கம்பியை எடுத்துவிட்டுப் புரொஜெக்டரை இணையுங்கள். இப்போது மட்டும் பதில் இல்லையென்றால் ஒன்பது பின் இணைப்பியில் 2, 3 (அனுப்பும், பெறும் பின்கள்) இரண்டும் இடம் மாறியிருக்கலாம். 5 தரை, அதைத் தொட வேண்டாம்.

கடைசியாக, மடிக்கணினியின் இடத்தில் ஸ்விட்சரின் கட்டுப்பாட்டு போர்ட்டை இணைத்து, அதே வேகத்தை அதிலும் வையுங்கள். ‘ஆன்’ கட்டளைக்கும் உள்ளீட்டை மாற்றும் கட்டளைக்கும் இடையே தாமதம் வேண்டும்: விளக்கு சூடேறும் நேரத்தில் வரும் கட்டளைகளைப் பல புரொஜெக்டர்கள் காதிலேயே வாங்காது.