பேட்டரி தீர்ந்தாலும் டேட்டா தப்ப: பழைய கையடக்கக் கணினி வைத்திருப்பவர்களுக்கு

பாம் III, சயான் சீரீஸ் 5, எச்பி 200எல்எக்ஸ், ஜோர்னடா 720 மாதிரியான மெஷின்களில் நீங்கள் ஏற்றிய முகவரி, குறிப்பு எல்லாம் ரேமில்தான் இருக்கும். ஆஃப் செய்த பிறகும் ரேமுக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் எல்லாம் காலி. பீரோவில் சும்மா கிடக்கும் மெஷினும் பேட்டரியைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. 2005-இல் வந்த விண்டோஸ் மொபைல் 5 (மைக்ரோசாஃப்டின் கையடக்கக் கணினி இயங்குதளம்) முதல் டேட்டா, கரண்ட் இல்லாமலே அழியாமல் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்குப் போய்விட்டதால், அதில் ஓடுபவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

பேட்டரி இறங்கி மெஷின் ஆன் ஆகாவிட்டால் பதற வேண்டாம். மிச்சமிருக்கும் சார்ஜை ரேமுக்காக ஒதுக்கிவிட்டுத்தான் திரையைப் போட மறுக்கிறது. பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் அந்த மிச்சமும் போய்விடும். புது பேட்டரியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு மூடியைத் திறங்கள். பாம் III-இல் கொஞ்ச நேரத்துக்குக் கரண்டைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டர் ஒரு நிமிடம்போலத் தாங்கும் என்பது அது புதிதாக இருந்தபோதைய கணக்கு. இப்போது அதை நம்பி இழுத்தடிக்காதீர்கள்.

சயான் 5, 200எல்எக்ஸ் இரண்டிலும் இரண்டு டபுள் ஏ செல், கூடவே ஒரு சி.ஆர். 2032 பட்டன் செல். இரண்டு வகையையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. எதை முதலில் மாற்றுவது? டபுள் ஏ சுத்தமாக இறங்கியிருந்தால் பட்டன் செல்தான் ரேமைத் தாங்குகிறது, ஆகவே டபுள் ஏ முதலில். டபுள் ஏ-யில் இன்னும் உயிர் இருந்து, பட்டன் செல் எந்தக் காலத்தது என்றே தெரியாவிட்டால், முதலில் பட்டன் செல். மெஷினுக்கு உரிய அடாப்டரைச் செருகிவிட்டு மாற்றுவது இன்னும் நல்லது. கரண்ட் கட் ஆகும் நேரமாகப் பார்த்து மட்டும் செய்யாதீர்கள்.

பட்டன் செல்லில் மல்டிமீட்டரை முழுசாக நம்ப முடியாது. லித்தியம் செல் கடைசி வரை 3 வோல்ட்டை ஒட்டியே காட்டிவிட்டு, முடியும் தறுவாயில் சடாரென்று விழும். போட்ட தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி உள்ளே ஒட்டி, வருடம் ஒரு முறை மாற்றிவிடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தட்டில் உதிரியாகக் கிடப்பதை வாங்காமல், சீல் பிரியாத அட்டையில் தேதி பார்த்து வாங்குங்கள். 2032 இல்லை, 2025 போட்டுக்கலாம் சார் என்பார்கள். அது 2.5 மி.மீ. கனம்தான், நமக்கு வேண்டியது 3.2 மி.மீ. லூசாக உட்காரும், லேசாகத் தட்டினாலே தொடர்பு விட்டுப்போகும்.

ரீசார்ஜபிள் டபுள் ஏ 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. ஆல்கலைனுக்கென்று அமைத்த பேட்டரி அளவுகோல் ரீசார்ஜபிளைத் தப்பாகக் காட்டும். 200எல்எக்ஸின் செட்டப்பில் சார்ஜிங் ஆனில் இருக்க, ஆல்கலைன் போட்டு அடாப்டரைச் செருகிவிடாதீர்கள், செல் ஒழுகும். நம் ஊர் வெயிலில் ஆல்கலைன் தானாகவே ஒழுகக்கூடியது. ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் செல்லைக் கழற்றிவிட்டு, வினிகர் தொட்ட காது குச்சியால் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து காய வையுங்கள்.

ஆனால் பேட்டரியை எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் மெமரி கார்டில் ஒரு நகல் இருந்தே ஆக வேண்டும். சயான் 5-க்குக் காம்பேக்ட் ஃபிளாஷ்; 200எல்எக்ஸுக்கு அதே கார்டை பி.சி.எம்.சி.ஐ.ஏ. அடாப்டரில் போடலாம். பழைய எஸ்-ரேம் கார்டு மட்டும் வேண்டாம், அதுவும் கரண்ட் நின்றால் மறந்துவிடும் ரேம்தான், அதற்குள்ளும் ஒரு பட்டன் செல் இருக்கிறது! திறந்திருக்கும் ஃபைல் சரியாக நகலாகாது. எல்லா அப்ளிகேஷனையும் மூடிவிட்டு நகலெடுத்து, கார்டிலிருந்தே ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். பாம் III-இல் கார்டு ஸ்லாட் கிடையாது, கணினியோடு இணைத்து நகலெடுக்கும் ஹாட்சிங்க் ஒன்றுதான் வழி. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் அதே வேலையைச் செய்யும் பைலட்-லிங்க் மென்பொருள் போதும். இரண்டு மாதம் தொடப்போவதில்லை என்றால் நகலைச் சரிபார்த்துவிட்டு எல்லாச் செல்லையும் கழற்றி வைத்துவிடலாம்.